‘காவா’ ‘காவு’ ஆகும் இடம்

குரோஷிய மொழிக்கென்று கடைகளில் கிடைக்கும் கையடக்கச் சொற்றொடர் ஏடுகள் பெரும்பாலும் ஆங்கிலம் அறிந்தவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றைக் கையில் எடுக்கும் தமிழர் ஒவ்வொரு வாக்கியத்தையும் முதலில் ஆங்கிலத்தில் யோசித்து, பிறகு குரோஷியத்துக்குப் போகிறார். இந்தச் சுற்றுவழியில் நேரம் வீணாவதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. ஆங்கிலம் என்றோ தொலைத்துவிட்ட பல இலக்கணக் கருவிகள் தமிழிலும் இருக்கின்றன, குரோஷியத்திலும் இருக்கின்றன. வேற்றுமை உருபு, மரியாதைப் பன்மை, ‘எனக்கு’ என்று தொடங்கும் உணர்ச்சி வாக்கியம், வினையின் வாலில் ஒட்டும் கேள்விச் சொல் ஆகியவை ஆங்கிலத்தின் வழியே வரும்போது புதிய பாரங்களாகத் தோன்றுகின்றன. தமிழிலிருந்து நேராகப் போனால் பழகிய சாமான்களாகவே கைக்கு வருகின்றன. ஆகவே கடை, உணவகம், பேருந்து நிலையம், மருந்தகம் ஆகிய நான்கு இடங்களில் நாகரிகமாகப் பேச வேண்டிய குரோஷியத்தைத் தமிழ் இலக்கணத்தின் வழியே கற்பதுதான் குறுக்குவழி என்பது இந்த அத்தியாயத்தின் வாதம். இரண்டு மொழிகளுக்கும் உறவு ஏதும் கிடையாது. ஒன்று ஸ்லாவியக் குடும்பம், மற்றது திராவிடம். ஒற்றுமைகள் தற்செயலானவைதான். ஆனால் பக்கத்து வீட்டு ஏணி நம் சுவருக்குப் பொருந்தினால், அதைச் செய்த தச்சர் நமக்கு உறவா என்று யாரும் விசாரிப்பதில்லை.

முதலில் ஒலி. குரோஷியம் லத்தீன் எழுத்தில் எழுதப்படுகிறது. லுதெவித் காய் என்பவர் 1830இல் வெளியிட்ட சிறு நூலின் வழியே உருவான நெடுங்கணக்கில் இன்று 30 எழுத்துகள். ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி என்பது ஏறக்குறைய முழு விதி. எழுதியபடியே வாசிக்கலாம் என்பதால் ஒரு வாரத்தில் பெயர்ப்பலகைகள் வசப்பட்டுவிடும். சிக்கல் நம் பக்கத்தில்தான். ‘க’ என்று ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு இடத்துக்கேற்ப வல்லொலியாகவும் மெல்லொலியாகவும் வாசிக்கும் பழக்கம் நமக்கு. குரோஷியத்தில் அந்த வேறுபாடு பொருளையே மாற்றிவிடும். ‘கோஸ்த்’ என்பதன் முதலெழுத்தைக் ‘கண்’ணில் வரும் ககரமாகச் சொன்னால் எலும்பு, ‘கோபி’யில் வரும் ககரமாகச் சொன்னால் விருந்தினர். உணவகத்தில் வேலைக்குச் சேர்பவர் இதை முதல் நாளே பழகிக்கொள்வது நல்லது. இந்த அத்தியாயத்தில் சொல்லின் நடுவே க்க, த்த, ப்ப என்று இரட்டித்திருந்தால் அழுத்தி வல்லொலியாகவும், ஒற்றையாக இருந்தால் மெல்லொலியாகவும் படியுங்கள். ‘ட்ஸ’ என்று எழுதியிருப்பது அவர்களுக்கு ஒரே எழுத்து. மேலே சிறு கொக்கி போட்ட ஓர் எழுத்தைப் பின்னால் வரும் ‘ஜாவோ’ என்ற சொல்லில் ‘ஜ’ என்று எழுதியிருக்கிறேன். உண்மையில் அது ஜகரத்தைவிட மென்மையான, ஷகரத்துக்குக் குரல் கொடுத்தது போன்ற ஒலி. அதை நம் ழகரமாக எண்ணிவிட வேண்டாம். ழகரத்தை ஆங்கிலத்தில் எழுதும் முறை கிளப்பிவிட்ட குழப்பம் அது.

இனி மரியாதை. ஏடுகளின் முதல் பக்கத்தில் ‘மோலிம் என்றால் தயவுசெய்து’ என்று இருக்கும். நாம் மளிகைக் கடையில் ‘தயவுசெய்து அரைக் கிலோ துவரம்பருப்பு கொடுங்கள்’ என்றா கேட்கிறோம்? ‘அரைக் கிலோ துவரம்பருப்பு குடுங்க’ என்கிறோம். மரியாதை முழுவதும் அந்த ‘ங்க’வில் இருக்கிறது. அதை உருவிவிட்டு ‘தயவுசெய்து’ என்று நூறு முறை சேர்த்தாலும் ‘குடு’ என்பது ‘குடு’தான். குரோஷியத்திலும் இதே கணக்கு. ‘நீ’ என்பதற்கு ‘தி’, ‘நீங்கள்’ என்பதற்கு ‘வி’. அந்த ‘வி’ பலரையும் குறிக்கும், மரியாதைக்குரிய ஒருவரையும் குறிக்கும். கடிதத்தில் ஒருவரை மரியாதையாக விளிக்கும்போது அதன் முதலெழுத்தைப் பெரிதாக எழுதுவார்கள். வினையில் அதன் அடையாளம் ‘த்தெ’ என்ற விகுதி. ‘தாய்’ என்றால் கொடு, ‘தாய்த்தெ’ என்றால் கொடுங்கள். ‘இமாஷ்’ என்றால் உன்னிடம் இருக்கிறது, ‘இமாத்தெ’ என்றால் உங்களிடம் இருக்கிறது. முன்பின் அறியாதவரிடம், உங்களைவிட மூத்தவரிடம், கல்லாவில் இருக்கும் எவரிடமும் இந்தத் ‘த்தெ’யை விடக்கூடாது. பெயர்ச்சொல்லின் ஈறு தவறினால் வெளிநாட்டவர் என்று புரிந்துகொண்டு புன்னகைப்பார்கள். வினையின் ஈறு தவறினால் உரிமை எடுத்துக்கொள்கிறார் என்று தோன்றக்கூடும். இளைஞர்கள் நடத்தும் காபிக் கடைகளில் ‘தி’ சரளமாகப் புழங்கும். அவர்கள் தொடங்கினால் நீங்களும் தொடரலாம், நீங்களாகத் தொடங்க வேண்டாம். ‘போக்’ என்ற வணக்கமும் அப்படித்தான். நண்பர்களுக்கு அது போதும், அஞ்சலகத்தில் ‘தோபர் தான்’தான் பொருத்தம். காலையில் அது ‘தோப்ரோ யூத்ரோ’, மாலையில் ‘தோப்ரா வேச்செர்’, விடைபெறும்போது ‘தொவிஜேஞா’.

அடிக்கடி காதில் விழப்போகும் சொல் ‘இஸ்வோலித்தெ’. ஆங்கில ஏடுகள் இதற்கு ஐந்தாறு பொருள் எழுதித் திணறுகின்றன. நம்மூர்க் கடைக்காரர் நீங்கள் படியேறும்போது ‘வாங்க’ என்பார், முகத்தைப் பார்த்து ‘சொல்லுங்க’ என்பார், பொருளை நீட்டும்போது ‘இந்தாங்க’ என்பார். இந்த மூன்று இடத்துக்கும் குரோஷியர் வைத்திருக்கும் ஒரே சொல் ‘இஸ்வோலித்தெ’. அதிலும் கடைசியில் ‘த்தெ’ இருப்பதைக் கவனியுங்கள். ‘ரெட்ஸித்தெ’ என்றும் கேட்பார்கள். அதற்கு நேர்ப்பொருளே ‘சொல்லுங்க’தான். ‘மோலிம்’ என்பதோ ‘வேண்டுகிறேன்’ என்ற முழு வினைமுற்று. இப்படிப் புரிந்துகொண்டால் அதன் பல முகங்களும் தெளிவாகின்றன. பொருள் கேட்டு முடித்ததும் ‘மோலிம்’ என்றால் வேண்டுகோள். நன்றி சொன்னவருக்குப் பதிலாகச் சொன்னால் ‘இருக்கட்டும்’. குரலை உயர்த்திக் கேள்வியாகச் சொன்னால் ‘என்ன சொன்னீங்க?’. நன்றிக்கு ‘ஹ்வாலா’, ‘உங்களுக்கு நன்றி’ என்று அழுத்த வேண்டுமானால் ‘ஹ்வாலா வாம்’. உணவகத்தில் பரிமாறுபவரைக் கைதட்டியோ தொழில்பெயர் சொல்லியோ கூப்பிட வேண்டாம். ‘ஒப்ரோஸ்தித்தெ’, அதாவது ‘மன்னியுங்கள்’ என்றால் திரும்பிப் பார்ப்பார். பெயர் தெரியாத ஆணை அழைக்க ‘கோஸ்பொதினெ’, பெண்ணை அழைக்க ‘கோஸ்பொஜோ’. இவை ‘கோஸ்பொதின்’, ‘கோஸ்பொஜா’ என்பவற்றின் விளி வடிவங்கள். ‘அம்மா’ ‘அம்மாவே’ ஆவது நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியம் விளியைச் சேர்த்து எட்டு வேற்றுமை என்று கணக்கிடுகிறது. குரோஷிய இலக்கணம் விளியை உள்ளடக்கி ஏழு என்கிறது. ஏழு என்றதும் ஆங்கிலம் வழியே படிப்பவர் மலைத்துப் போகிறார். நாம் ஒன்று குறைவாக இருப்பதை நினைத்து நிம்மதி அடையலாம்.

அந்த ஏழையும் அட்டவணை போட்டு முதலிலிருந்து மனப்பாடம் செய்வதுதான் முறையான பாடநூல்களின் வழி. பள்ளியில் அமர்ந்து மூன்று ஆண்டு படிப்பவருக்கு அது சரி. அடுத்த மாதம் ஸாக்ரெபில் இறங்கப்போகிறவருக்கு வேறு வரிசை தேவை: கல்லாவின் முன்னால் எது அதிகம் புழங்குகிறதோ அது முதலில். அந்தக் கணக்கில் முதலிடம் ‘ஐ’ உருபுக்கு, அதாவது செயப்படுபொருளுக்கு. கேட்பது, வாங்குவது, தேடுவது எல்லாம் இதன் ஆட்சிக்குள் வருபவை. ஒருமையில் ‘ஆ’ என்று முடியும் பெண்பால் சொல் ‘உ’ என்று மாறும், அவ்வளவுதான். ‘காவா’ என்றால் காபி. ஒரு காபி கேட்கும்போது ‘யெத்னு காவு, மோலிம்’. (காவு கேட்கிறார்களே என்று பதற வேண்டாம், கடைக்காரர் காபியோடுதான் வருவார்.) தண்ணீர் ‘வோதா’, கேட்டால் ‘வோது’. சூப் ‘யூஹா’, கேட்டால் ‘யூஹு’. பயணச்சீட்டு ‘கார்த்தா’, கேட்டால் ‘கார்த்து’. ரியேக்கா நகரத்துக்குச் சீட்டு வேண்டுமா? ‘யெத்னு கார்த்து ஸா ரியேக்கு, மோலிம்’. ஊரின் பெயரும் சேர்ந்து மாறுகிறது பாருங்கள். ஆண்பால் சொற்களில் இன்னும் சுவாரசியம். தேநீர் ‘ச்சாய்’, பழச்சாறு ‘ஸோக்’, ரொட்டி ‘க்ரூஹ்’ ஆகியவை கேட்கும்போது மாறுவதே இல்லை. ஆனால் மருத்துவரைத் தேடும்போது ‘லியேச்னிக்’ என்பது ‘லியேச்னிக்கா’ ஆகிவிடும். உயிரற்ற ஆண்பாலுக்கு மாற்றம் இல்லை, உயிருள்ளதற்கு உண்டு. ஆங்கிலவழி மாணவருக்கு இது விசித்திரமான விதிவிலக்கு. நமக்கோ? ‘டீ கொடுங்க’ என்கிறோம், ‘டீயைக் கொடுங்க’ என்று கட்டாயமில்லை. ‘டாக்டரைக் கூப்பிடுங்க’ என்பதில் ‘ஐ’யை விட முடியாது. இரு மொழிகளும் கோடு கிழிக்கும் இடத்தில் சிறு வித்தியாசம் உண்டு. நாம் திணையைப் பார்க்கிறோம், அவர்கள் உயிரைப் பார்க்கிறார்கள். அங்கே நாயும் மருத்துவரும் ஒரே கட்சி.

அடுத்தது நம் மூன்றாம் வேற்றுமை. ‘ஆல்’, ‘ஓடு’ என்று கருவிக்கும் துணைக்கும் நாம் ஒரே வேற்றுமையில் இரண்டு உருபு வைத்திருக்கிறோம். குரோஷியமும் கருவியையும் துணையையும் ஒரே வேற்றுமையில்தான் அடக்குகிறது. ஈறு ஒன்றே, ஒருமையில் பெரும்பாலும் ‘ஒம்’. கருவி என்றால் வெறுமனே நிற்கும். துணை என்றால் முன்னால் ‘ஸ்’ சேரும். கடைகளில் ‘கோத்தொவினொம்’ கட்டுகிறீர்களா, ‘கார்த்திட்ஸொம்’ கட்டுகிறீர்களா என்று கேட்பார்கள்: பணத்தாலா, அட்டையாலா? பாலோடு காபி வேண்டுமானால் ‘காவு ஸ் ம்லியேக்கொம்’. அட்டைக்கு முன்னால் ‘ஸ்’ போட்டால் அட்டையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போய்ப் பணம் கட்டுவது போலாகும் என்று அங்குள்ள மொழி ஆசிரியர்கள் கண்டிப்பார்கள். பேச்சில் நாம் ‘கார்டுல கட்டறேன்’ என்கிறோம் என்பது உண்மைதான். ‘கத்தியால் வெட்டினான்’ என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

கேள்வி கேட்பதும் எளிது. ‘இமாத்தெ லி ச்சாய்?’ என்றால் ‘டீ இருக்கிறதா?’. வினைக்குப் பின்னால் வரும் அந்த ‘லி’ நம் ‘ஆ’வின் வேலையைச் செய்கிறது. தமிழர் இதை விளக்கமில்லாமலே பிடித்துக்கொள்ளலாம். ‘உண்டு’, ‘இல்லை’ என்ற நம் இரண்டு சொற்களுக்கு அங்கே ‘இமா’, ‘நேமா’. ரொட்டிக் கடையில் ‘நேமா’ என்ற ஒற்றைச் சொல் பதிலாக வந்தால் அதை முகத்தில் அடித்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் ‘இல்லை’யும் தனியாக நிற்கும்போது அப்படித்தானே ஒலிக்கிறது?

அளவு சொல்லும் இடத்தில் மட்டும் தமிழ் கைவிடுகிறது. ‘ஒரு தம்ளர் தண்ணீர்’ என்று நாம் இரண்டு பெயரை அடுக்கிவிடுவோம். அவர்கள் ‘தண்ணீரின் தம்ளர்’ என்று ஆறாம் வேற்றுமை போடுகிறார்கள்: ‘ச்சாஷா வோதெ’. இந்த ஓரிடத்தில் ஆங்கிலம் அறிந்தவருக்கு ஆங்கிலமே கைகொடுக்கும், ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. இதே வேற்றுமைதான் ‘இல்லாமல்’ என்ற பொருளுள்ள ‘பெஸ்’ஸுக்குப் பின்னும் வரும். சைவ உணவுக்காரர் மற்ற எதைக் கற்காவிட்டாலும் ‘பெஸ் மேஸா’ (இறைச்சி இல்லாமல்), ‘பெஸ் ரிபெ’ (மீன் இல்லாமல்), ‘பெஸ் யாயா’ (முட்டை இல்லாமல்) ஆகிய மூன்றையும் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டும். கடற்கரை ஊர்களில் இறைச்சி இல்லாமல் என்று மட்டும் சொன்னால் மீன் வரக்கூடும். சர்க்கரை இல்லாமல் என்பதற்கு ‘பெஸ் ஷேச்செரா’. அந்த ‘ஷேச்செர்’ வடமொழிச் சொல் ஒன்று பாரசீகம், துருக்கி வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது. நம் சர்க்கரையும் அதே மூலத்தின் பிள்ளைதான். எண்களிலும் இந்த வேற்றுமை தலைகாட்டும். ஒன்று ஒருவிதம், இரண்டு முதல் நான்கு வரை இன்னொரு விதம், ஐந்து முதல் மூன்றாவது விதம்: ‘யெத்னா காவா’, ‘த்வியெ காவெ’, ‘பேத் காவா’. பழைய நாணயமான ‘கூனா’ இருந்தவரை ஒவ்வொரு விலையிலும் இந்தத் தொல்லை இருந்தது. 2023 ஜனவரி 1இல் குரோஷியா யூரோவுக்கு மாறியது. அந்தச் சொல்லை அவர்கள் ‘எவுரோ’ என்கிறார்கள். இரண்டுக்கும் ‘எவுரா’, ஐந்துக்கும் ‘எவுரா’. பொருளாதாரத்துக்கு அது என்ன செய்ததோ, விலை கேட்கும் வெளிநாட்டவருக்கு இலக்கணத்தைக் குறைத்துக் கொடுத்தது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். இத்தனையும் எதற்கு? ஸ்ப்ளித், துப்ரோவ்னிக் போன்ற சுற்றுலா நகரங்களில் ஆங்கிலமே போதுமே. வெறுமனே ‘காவா, மோலிம்’ என்றாலும் காபி வந்துவிடுகிறதே. இரண்டும் உண்மை. அவசரத்தில் குரோஷியரே சில சமயம் ஈறு மாற்றாமல் பொருளின் பெயரை மட்டும் சொல்வதுண்டு. காபி கிடைப்பதுதான் குறிக்கோள் என்றால் விரலால் சுட்டிக்காட்டியும் வாங்கலாம். ஆனால் உரையாடல் நீங்கள் கேட்பதோடு முடிவதில்லை. பதில் அவர்கள் மொழியில், ஈறுகளோடு வருகிறது. ‘காவா’ மட்டும் தெரிந்தவருக்குக் ‘காவெ’, ‘காவு’, ‘காவொம்’ மூன்றும் மூன்று புதுச் சொற்கள். ஏட்டிலிருந்து முழு வாக்கியத்தை மனப்பாடம் செய்தவருக்கும் இதே கதிதான்: ‘யெத்னு காவு’வைப் பழகிவிட்டு ‘யெத்னு ச்சாய்’ என்பார், தேநீருக்கு ‘யெதான் ச்சாய்’ என்று ‘ஒரு’ என்ற சொல்லும் பாலுக்கேற்ப மாறும் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. தவிர, சுற்றுலாப் பயணி மட்டும் இந்த நூலைப் படிப்பதில்லை. நேபாளம், இந்தியா, பிலிப்பைன்ஸ் நாடுகளிலிருந்து வேலை அனுமதி பெற்று அங்கே உணவகங்களிலும் கட்டுமானத்திலும் பணிபுரிவோர் அண்மை ஆண்டுகளில் பெருகியிருக்கிறார்கள். அவர்கள் கல்லாவின் மறுபக்கத்தில் நிற்பவர்கள். உள்நாட்டு நகரங்களில் வயதான வாடிக்கையாளரிடம் ஆங்கிலத்தில் ‘என்ன வேண்டும்’ என்று கேட்பதற்கும் ‘இஸ்வோலித்தெ, கோஸ்பொஜோ’ என்பதற்கும் உள்ள தூரம் அவர்களுக்குப் பிழைப்பு சம்பந்தப்பட்டது. 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 40 லட்சத்தைக்கூட எட்டாத நாடு அது. சொற்தேர்விலும் அதனால் குரோஷியருக்குக் கவனம் அதிகம். ரொட்டிக்கு ‘ஹ்லெப்’, ரயிலுக்கு ‘வோஸ்’ என்பவை செர்பிய வழக்கு. ‘க்ரூஹ்’, ‘வ்லாக்’ என்பவையே இங்கு வழக்கம். பொதுவான பழைய பாடநூல்களை வைத்துப் படிப்பவர்கள் இதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

தமிழ் எல்லா இடத்திலும் துணை வராது என்பதையும் மறைக்கக்கூடாது. நம் தன்மை வினையில் பால் இல்லை. ‘விரும்பினேன்’ என்பதை ஆணும் சொல்லலாம், பெண்ணும் சொல்லலாம். குரோஷியத்தில் பணிவோடு ‘எனக்கு வேண்டியிருந்தது’ என்ற தோரணையில் கேட்கும்போது ஆண் ‘ஹ்தியோ பிஹ்’ என்றும் பெண் ‘ஹ்தியேலா பிஹ்’ என்றும் சொல்ல வேண்டும். ஆணொருவர் பேசிப் பதிவுசெய்த பாடத்தைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்லும் பெண்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். இடம் சொல்லும்போது நாம் பின்னால் ஒட்டுவதை அவர்கள் முன்னாலும் ஒரு சொல், பின்னாலும் ஓர் ஈறு என்று இரண்டாகப் பிரித்து வைக்கிறார்கள். ‘ஊ ஸ்ப்ளித்து’ என்றால் ஸ்ப்ளித்தில். ‘ஊ ஸ்ப்ளித்’ என்றால் ஸ்ப்ளித்துக்கு. முன்சொல் மாறவில்லை, ஈறுதான் இருப்பதையும் போவதையும் பிரிக்கிறது. பேருந்து நிலையத்தில் அந்த ஓர் உகரத்தைக் காதில் வாங்கத் தவறினால், பேருந்து எங்கே நிற்கிறது என்ற தகவலை எங்கே போகிறது என்று புரிந்துகொள்ள நேரும்.

மருந்தகத்தில் இந்த நட்பும் பிணக்கும் ஒன்றாகவே வரும். அதன் பெயர் ‘லியேக்கார்னா’. உடல்நிலை சொல்லும் பல வாக்கியங்கள் நம் நான்காம் வேற்றுமையிலேயே அமைந்தவை. ‘மி’ என்றால் ‘எனக்கு’. எனக்குக் குளிர்கிறது: ‘ஹ்லாத்னோ மி யெ’. எனக்குக் குமட்டுகிறது: ‘மூக்கா மி யெ’. எனக்கு வருத்தமாக இருக்கிறது: ‘ஜாவோ மி யெ’. எனக்கு வேண்டும்: ‘த்ரேபா மி’. ஆங்கிலம் ‘நான்’ என்று தொடங்கும் இடத்திலெல்லாம் தமிழும் குரோஷியமும் ‘எனக்கு’ என்று ஒதுங்கி நிற்கின்றன. இந்த உற்சாகத்தில் தலைவலிக்கும் ‘மி’ போட்டுவிடாதீர்கள். வலி என்று வந்தால் அவர்கள் ‘ஐ’ உருபுக்குத் தாவிவிடுகிறார்கள். தலை என்னை வலிக்கிறது: ‘போலி மெ க்லாவா’. தலை போகும் இடத்தில் பல்லையும் வைக்கலாம்: ‘போலி மெ ஸூப்’. மருந்தாளுநர் பதிலுக்கு ஏதாவது கேட்டுப் புரியவில்லை என்றால், குரலை உயர்த்தி ‘மோலிம்?’ என்று ஒரு முறை சொன்னால் போதும், மெதுவாகத் திருப்பிச் சொல்வார்.